ஒரு குறி மாறினால்

ஈப்போ நகரின் தென்பகுதியில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்துள்ளது குனோங் ராபாட். சாம் போ தோங், கெக் லோக் தோங் ஆகிய குகைக்கோயில்களைக் காண வரும் பயணிகள் ஊர் திரும்பும்போது மறவாமல் வாங்கிச் செல்லும் பொருள் ஒன்று இங்கு உண்டு. அதுதான் ‘ஹியோங் பியா’ எனப்படும் பிஸ்கட்டு. மேலே மொறுமொறுப்பான அடுக்குகளும் உள்ளே இனிப்புப் பாகும் கொண்ட இந்தப் பிஸ்கட்டை, தேங்காய் மட்டையை எரித்துச் சூடாக்கிய அடுப்பின் உட்சுவரில் ஒட்டி வேகவைப்பது மரபு.

அப்படிப்பட்ட ஒரு பிஸ்கட்டுக் கடையைக் கற்பனை செய்து கொள்வோம். ஒரு நாள் காலையில் 500 பிஸ்கட்டுகள் வெந்து தயாராகின்றன. ஒரு பொட்டலத்தில் 12 பிஸ்கட்டுகள் அடுக்க வேண்டும். எத்தனை பொட்டலங்கள் கிடைக்கும்?

‘500ஐ 12ஆல் வகுத்தால் போதும்’ என்று எவரும் சொல்லிவிடுவர். ஆனால், வகுத்தால் வரும் விடை 41.666 என்று நீண்டுகொண்டே போகிறது. கடையில் வேலை செய்பவர் அந்த விடையைக் கண்டு திகைப்பதில்லை. அவர் 41 பொட்டலங்களைக் கட்டுகிறார். மீதமுள்ள 8 பிஸ்கட்டுகளைக் கண்ணாடிச் சாடியில் போட்டுச் சில்லறையாக விற்கிறார். தேவையான விடை எது, தேவையற்ற விடை எது என்பதை அவருடைய அனுபவம் சொல்லிவிடுகிறது.

கணினிக்கு அந்த அனுபவம் இல்லை. பொட்டலம், பிஸ்கட்டு, சாடி என்பவை எல்லாம் அதற்குத் தெரியா. அதற்குத் தெரிந்தவை எண்களும் குறிகளும் மட்டுமே. எந்தக் குறியைக் கொடுக்கிறோமோ அந்தக் கணக்கையே அது செய்யும். ஆகவே, நிரல் எழுதக் கற்பவர் முதலில் அறிய வேண்டியவை அந்தக் குறிகள்தாம். அவற்றை எண்கணிதச் செயற்குறிகள் என்று அழைப்பர்.

குறிகள் வந்த கதை

தொடக்கப்பள்ளியில் பழகிய கூட்டல், கழித்தல் குறிகள் மிகப் பழமையானவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவற்றின் வயது ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள்தாம். 1489ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யோகன்னஸ் விட்மன் என்பவர் வெளியிட்ட வணிகக் கணக்கு நூலில் +, - ஆகிய குறிகள் அச்சேறின. வேல்ஸ் நாட்டில் பிறந்த ராபர்ட் ரெக்கார்ட் 1557ஆம் ஆண்டில் சமக்குறியை அறிமுகப்படுத்தினார். பெருக்கல் குறியான × இங்கிலாந்தின் வில்லியம் ஆட்ரெட் 1631ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும், வகுத்தல் குறியான ÷ சுவிட்சர்லாந்தின் யோகான் ரான் 1659ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் இடம்பெற்றன. இவை வருவதற்கு முன்னர், ‘இதனோடு இதைச் சேர்’, ‘இதிலிருந்து இதை நீக்கு’ என்று சொற்களாலேயே கணக்குகளை எழுதி வந்தனர்.

கணினி வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. தொடக்ககாலக் கணினிகளுக்கு நிரல்களைத் துளை அட்டைகளில் பதித்துக் கொடுத்தனர். அந்த அட்டைகளைத் துளையிடும் இயந்திரத்தின் விசைப்பலகையில் × குறியும் இல்லை. ÷ குறியும் இல்லை. ஆகவே, இருந்த குறிகளைக் கொண்டே வேலையை முடிக்க வேண்டியதாயிற்று. 1957ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் எனும் நிரல்மொழியில், பெருக்குவதற்கு விண்மீன் போன்ற * குறியையும் வகுப்பதற்குச் சாய்கோட்டையும் பயன்படுத்தினர். அந்த வழக்கமே இன்றுவரை தொடர்கிறது. கைப்பேசிச் செயலி முதல் விண்கலம் வரை பெரும்பாலான நிரல்களில் பெருக்கலுக்கு உரிய குறி * என்பதேயாகும்.

பைத்தானின் ஏழு குறிகள்

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் அடிப்படைக் கணினி அறிவியல் பாடத்தைப் பயிலும் மாணவர்கள் சந்திக்கும் நிரல்மொழிகளுள் ஒன்று பைத்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த குவிடோ வான் ரோசம் இம்மொழியை உருவாக்கி 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். பைத்தான் என்பது மலைப்பாம்பைக் குறிக்கும் சொல். ஆயினும், அவர் அந்தப் பெயரைப் பாம்பிடமிருந்து எடுக்கவில்லை. தாம் விரும்பிய ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்தே எடுத்தார்.

பைத்தானில் ஏழு எண்கணிதச் செயற்குறிகள் உள்ளன. அவை வருமாறு:

+ சேர்த்தல்: 7 + 2 என்றால் விடை 9
- கழித்தல்: 7 - 2 என்றால் விடை 5
* பெருக்கல்: 7 * 2 என்றால் விடை 14
/ வகுத்தல்: 7 / 2 என்றால் விடை 3.5
// முழு ஈவு: 7 // 2 என்றால் விடை 3
% மீதம்: 7 % 2 என்றால் விடை 1
** அடுக்கு: 7 ** 2 என்றால் விடை 49

பைத்தானைத் திறந்து, ஒரு கணக்கைத் தட்டச்சு செய்து, நுழைவு விசையை அழுத்தினால் அடுத்த வரியிலேயே விடை தோன்றும். இதற்குமேல் எந்தக் கட்டளையும் தேவையில்லை.

இங்கு இரண்டு குறிகளைப் பற்றிக் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது %. அன்றாட வாழ்வில் அது விழுக்காட்டைக் குறிக்கும். நிரலிலோ அது மீதத்தைக் குறிக்கிறது. இரண்டாவது சமக்குறி. கணிதத்தில் = என்பது ‘இருபுறமும் சமம்’ என்று பொருள்படும். பைத்தானில் அது ‘வலப்புறம் உள்ள மதிப்பை இடப்புறப் பெயரில் வை’ என்னும் கட்டளையாகும். அவ்வாறு மதிப்பைத் தாங்கும் பெயரை மாறி என்பர். எடுத்துக்காட்டாக,

பிஸ்கட்டு = 500
பொட்டலம் = பிஸ்கட்டு // 12

என்று எழுதலாம். மாறியின் பெயர் தமிழில் இருக்கிறதே என்று வியக்க வேண்டியதில்லை. பைத்தானின் மூன்றாம் பதிப்பு தமிழ் எழுத்துகளில் அமைந்த மாறிப் பெயர்களை ஏற்றுக்கொள்கிறது.

வகுத்தல் ஒன்று, விடைகள் மூன்று

குனோங் ராபாட்டின் பிஸ்கட்டுக் கடைக்குத் திரும்புவோம்.

500 / 12 என்று கொடுத்தால் கணினி 41.666 எனத் தசமத்தில் நீளும் விடையைத் தரும். 500 // 12 என்று கொடுத்தால் 41 என்னும் முழு ஈவைத் தரும். 500 % 12 என்று கொடுத்தால் 8 என்னும் மீதத்தைத் தரும். மூன்றும் சரியான விடைகளே. ஆனால், மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு உரியவை. ஒரு பிஸ்கட்டின் சராசரி எடையை அறிய வேண்டுமானால் முதல் குறி உதவும். எத்தனை பொட்டலங்கள் கட்டலாம் என்பதற்கு இரண்டாம் குறி வேண்டும். சாடியில் எத்தனை விழும் என்பதை மூன்றாம் குறி சொல்லும்.

விடைகளைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. முழு ஈவை 12ஆல் பெருக்கி, மீதத்தைச் சேர்த்தால் தொடக்க எண் திரும்ப வர வேண்டும். 41 * 12 + 8 என்பதன் விடை 500. கணக்கு சரி.

இனி, வேறொரு சூழலைப் பார்ப்போம். ஒரு பள்ளியிலிருந்து 130 மாணவர்கள் சாம் போ தோங் குகைக்கோயிலுக்குக் கல்விச் சுற்றுலா வருகின்றனர். ஒரு பேருந்தில் 44 இருக்கைகள் உள்ளன. எத்தனை பேருந்துகள் தேவை?

130 // 44 என்று கணக்கிட்டால் விடை 2. பிஸ்கட்டுக் கடையில் சரியாக இருந்த அதே குறி இங்கே தவறான முடிவைத் தருகிறது. இரண்டு பேருந்துகளில் 88 பேரே ஏற முடியும். 130 % 44 என்று கேட்டால் 42 என்ற விடை வரும். அந்த 42 பேரும் பள்ளி வாசலிலேயே நிற்பர். மிஞ்சிய பிஸ்கட்டுகளைச் சாடியில் போடலாம். மிஞ்சிய மாணவர்களை அப்படி விட்டுவிட முடியுமா? எனவே, மீதம் இருந்தால் இன்னும் ஒரு பேருந்து வேண்டும். இதனை நிரலில் சுருக்கமாக இவ்வாறு எழுதலாம்:

(130 + 43) // 44

விடை 3. ஒரு பேருந்தின் இருக்கைகளைவிட ஒன்று குறைவான எண்ணை முதலில் சேர்த்துக்கொண்டால், மீதமாக ஒரே ஒரு மாணவர் இருந்தாலும் ஈவு ஒன்று கூடிவிடும். மீதமே இல்லாவிட்டால் கூடாது. 132 மாணவர்கள் என்றால் (132 + 43) // 44 என்பதன் விடையும் 3தான். 133 பேர் என்றால் விடை 4 ஆகிவிடும்.

மொழிக்கு மொழி இக்குறிகளின் பொருள் சற்று மாறுவதும் உண்டு. பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முந்திய பதிப்பில் 7 / 2 என்று முழு எண்களை வகுத்தால் 3 என்ற விடையே கிடைக்கும். சி, ஜாவா ஆகிய மொழிகளில் இன்றும் அப்படித்தான். ஒரு மொழியில் எழுதிய கணக்கை மற்றொரு மொழிக்கு மாற்றும்போது இதனை மறந்தால், அரை ரிங்கிட்டோ அரை கிலோகிராமோ சத்தமின்றி மறைந்துவிடும்.

அடைப்புக்குறியின் மதிப்பு

தொடக்கப்பள்ளியில் கலவைக் கணக்குகளைச் செய்தவர்கள் ஒரு விதியை அறிவர். அடைப்புக்குறிக்குள் உள்ளதை முதலில் செய்ய வேண்டும். அடுத்துப் பெருக்கலும் வகுத்தலும். இறுதியில் சேர்த்தலும் கழித்தலும். பைத்தானும் இதே வரிசையைப் பின்பற்றுகிறது. அடைப்புக்குறிக்கு அடுத்த நிலையில் அடுக்குக் குறி ** நிற்கும். அதன்பின் *, /, //, % ஆகிய நான்கும் ஒரே நிலையில் நிற்கும். அவை அடுத்தடுத்து வந்தால் கணினி இடமிருந்து வலமாகச் செய்துகொண்டு போகும். கடைசியில் + குறியும் - குறியும் வரும்.

இந்த விதி எவ்வளவு முக்கியமானது என்பதைப் பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களை நினைத்தால் நன்கு விளங்கும். தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக மரங்களைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்துச் சுமந்து வருவர். பால் நிறுக்கும் இடத்தில் கிராணி அதன் எடையைப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். ஆனால், நிறுத்த பால் முழுவதும் ரப்பர் அன்று. அதில் பெரும்பகுதி நீர்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உலர்ந்த ரப்பர். அந்தப் பங்கு மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். எனவே, பாலின் எடையை உலர் ரப்பரின் விழுக்காட்டால் பெருக்கி, அதன் பிறகே விலையைக் கணக்கிட வேண்டும். இன்றும் சிறுதோட்டக்காரர்கள் பாலை விற்கும்போது இப்படித்தான் கணக்கிடப்படுகிறது.

ஒரு சிறுதோட்டக்காரர் முதல் நாள் 30 கிலோகிராம் பால் சேர்க்கிறார் என்று கொள்வோம். மறுநாள் காலையில் மழை பெய்ததால் 10 கிலோகிராம்தான் கிடைக்கிறது. உலர் ரப்பர் 35 விழுக்காடு. உலர் ரப்பரின் விலை கிலோகிராமுக்கு ரிம 6 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் பாலுக்கும் சேர்த்து அவருக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும்?

நிரல் எழுதியவர் அவசரத்தில் இப்படி எழுதிவிடுகிறார்:

30 + 10 * 35 / 100 * 6

கணினி தரும் விடை 51.0. ஆனால், சரியான நிரல் இதுதான்:

(30 + 10) * 35 / 100 * 6

இதன் விடை 84.0. எண்கள் அவையே, குறிகளும் அவையே. இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும் இல்லாததால் 33 ரிங்கிட் குறைந்துவிட்டது. முதல் நிரலில் கணினி இரண்டாம் நாளின் 10 கிலோகிராமுக்கு மட்டும் விலை கணக்கிட்டு, அந்த 21 ரிங்கிட்டுடன் முதல் நாளின் 30 கிலோகிராமை ரிங்கிட்டைப் போலச் சேர்த்துவிட்டது. கிலோகிராமையும் ரிங்கிட்டையும் கூட்டக்கூடாது என்பது மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

இங்கே கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உள்ளது. 10 / 0 என்று எழுதினால், சுழியத்தால் வகுக்க முடியாது என்று கணினி உடனே பிழையைக் காட்டி நின்றுவிடும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் அது எந்தப் பிழையையும் காட்டாது. 51.0 என்று தயக்கமின்றி விடை சொல்லும். நிரல் ஓடிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று ஆகிவிடாது.

இத்தகைய பிழையைப் பிடிக்க எளிய வழி, விடையை முன்கூட்டியே அனுமானிப்பதாகும். பால் மொத்தம் 40 கிலோகிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 13 அல்லது 14 கிலோகிராம். அதை 6ஆல் பெருக்கினால் 80 ரிங்கிட்டை ஒட்டி வர வேண்டும். திரையில் 51 என்று வந்தால் ஏதோ தவறு என்பது உடனே புலப்படும். மனக்கணக்கு பழகியவரைக் கணினி ஏமாற்ற முடியாது.

ஐந்து சென் கணக்கு

மலேசியர்கள் நாள்தோறும் கடைகளில் சந்திக்கும் ஒரு கணக்கு உண்டு. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒரு புதிய முறையை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. கடைகளில் செலுத்த வேண்டிய மொத்தத் தொகையைக் கிட்டிய 5 சென்னுக்கு மாற்ற வேண்டும் என்பதே அது. ஒரு சென் நாணயத்தின் தேவையைக் குறைப்பது அதன் நோக்கம். தொகை 1, 2 என்று முடிந்தால் 0 ஆகக் குறைக்கப்படும். 3, 4 என்று முடிந்தால் 5 ஆக உயர்த்தப்படும். 6, 7 என்று முடிந்தால் 5 ஆகக் குறைக்கப்படும். 8, 9 என்று முடிந்தால் அடுத்த 10 சென்னுக்கு உயர்த்தப்படும்.

இந்த விதியைக் கடையின் பணப்பதிவு இயந்திரத்திற்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? எட்டு விதிகளையும் தனித்தனியே எழுதத் தேவையில்லை. மூன்று செயற்குறிகளும் ஓர் அடைப்புக்குறியும் போதும்:

(சென் + 2) // 5 * 5

மொத்தத் தொகை ரிம 12.83 என்றால், அதனை 1283 சென் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 1283உடன் 2ஐச் சேர்த்தால் 1285. அதனை 5ஆல் வகுத்தால் முழு ஈவு 257. மீண்டும் 5ஆல் பெருக்கினால் 1285. ஆகவே, செலுத்த வேண்டிய தொகை ரிம 12.85. தொகை ரிம 12.82 என்றால், 1284ஐ 5ஆல் வகுக்கும்போது முழு ஈவு 256. 5ஆல் பெருக்கினால் 1280. செலுத்த வேண்டியது ரிம 12.80. மற்ற இலக்கங்களுக்கும் இதே வரி சரியாகவே விடை தரும்.

இந்த விதி மொத்தத் தொகைக்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு பொருளுக்கும் உரியது அன்று. ஒன்று ரிம 1.93 விலையுள்ள மூன்று பொருள்களை ஒருவர் வாங்குகிறார் என்று கொள்வோம். மொத்தம் ரிம 5.79. முறைப்படி மாற்றினால் ரிம 5.80. ஒவ்வொரு பொருளின் விலையையும் முதலில் மாற்றிவிட்டுப் பிறகு கூட்டினாலோ 1.95 மூன்று முறை சேர்ந்து ரிம 5.85 ஆகிவிடும். ஐந்து சென் சிறிய தொகைதான். ஆனால், ஒரு கடைக்கு ஒரு நாளில் ஆயிரம் பேர் வந்து, ஒவ்வொருவரும் ஐந்து சென் மிகையாகச் செலுத்தினால் அது 50 ரிங்கிட். எந்தச் செயலை முதலில் செய்வது என்பது வெறும் கணக்கு விதி அன்று. அது நேர்மையைச் சார்ந்ததும் ஆகும்.

பத்தில் ஒன்றைச் சொல்லத் தெரியாத இயந்திரம்

மேற்கண்ட நிரலில் தொகையை ரிங்கிட்டில் கொடுக்காமல் சென்னில் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. பைத்தானில் 0.1 + 0.2 என்று கேட்டுப் பார்த்தால் 0.3 என்ற விடை வராது. திரையில் தோன்றுவது இது:

0.30000000000000004

இது கணினியின் கோளாறு அன்று. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுத முயன்றால் 0.333 என்று முடிவின்றிப் போகும். எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். கணினி எல்லா எண்களையும் 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களாலேயே எழுதுகிறது. அந்த ஈரிலக்க முறையில் பத்தில் ஒன்று என்பதும் அவ்வாறே முடிவின்றிப் போகும். கணினி குறிப்பிட்ட இடத்தில் அதை வெட்டிவிடுகிறது. வெட்டிய மிகச் சிறு துண்டுதான் கணக்கின் கடைசியில் பிழையாக எட்டிப் பார்க்கிறது.

அந்தச் சிறு துண்டு உயிரைப் பறித்ததும் உண்டு. 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் இருந்த ‘பேட்ரியட்’ எனும் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, தன்னை நோக்கி வந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் உயிரிழந்தனர். அந்த அமைப்பின் கணினி, நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணி வந்தது. பத்தில் ஒன்றை அதனால் துல்லியமாக எழுத முடியாததால், ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் நுண்ணிய பிழை இருந்தது. அமைப்பு ஏறக்குறைய 100 மணி நேரம் நிறுத்தப்படாமல் இயங்கியதால், அப்பிழை வளர்ந்து மூன்றில் ஒரு வினாடியானது. வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும் ஏவுகணை, அந்த இடைவெளியில் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். கணினி தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைக் கணக்கில் அத்தகைய ஆபத்து இல்லை. எனினும், பாடம் ஒன்றே. பணத்தைக் கணக்கிடும் நிரல்களில் ரிங்கிட்டைச் சென்னாக மாற்றி, முழு எண்களைக் கொண்டே கணக்கிடுவது நல்ல பழக்கம். முழு எண்களைச் சேர்ப்பதிலும் கழிப்பதிலும் பெருக்குவதிலும் பைத்தான் ஒருபோதும் பிசகுவதில்லை.

தமிழிலும் நிரல்

குறிகள் உலகுக்குப் பொதுவானவை. ஆனால், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் கட்டளைச் சொற்கள் பெரும்பாலான நிரல்மொழிகளில் ஆங்கிலமாகவே உள்ளன. தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே நிரல் எழுத முடியாதா என்ற கேள்விக்கு விடையாக வந்ததுதான் ‘எழில்’ எனும் நிரல்மொழி. அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பொறியாளர் முத்தையா அண்ணாமலை இதனை 2007ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கத் தொடங்கினார்; பின்னர், அனைவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டார். விடையைத் திரையில் காட்டச் சொல்லும் கட்டளை இதில் ‘பதிப்பி’ என்பதாகும். சிறுதோட்டக்காரரின் உலர் ரப்பர் எடையை எழிலில் இவ்வாறு கேட்கலாம்:

பதிப்பி (30 + 10) * 35 / 100

விடை 14 கிலோகிராம். கட்டளை தமிழுக்கு மாறினாலும் +, *, / ஆகிய குறிகளும் அடைப்புக்குறியும் மாறவில்லை. ஒரு மொழியில் அவற்றைச் சரியாகக் கற்றவர் வேறு எந்த நிரல்மொழிக்குச் சென்றாலும் வழி தவற மாட்டார்.

கணக்கு யார் கையில்?

ஒரு காலத்தில் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பலருக்கு, கிராணியின் புத்தகத்தில் தம் பெயருக்கு நேரே எழுதப்பட்ட எண்களைப் படிக்கத் தெரியாது. சொன்ன எடையைக் கேட்டுக்கொண்டு, கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு, கைந்நாட்டு வைத்துவிட்டுச் சென்றனர். கணக்கு சரியா, தவறா என்று கேட்பதற்கு வேண்டிய கல்வி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்று அந்தப் புத்தகத்தின் இடத்தில் கணினித் திரை இருக்கிறது. சம்பளச் சீட்டு, மின்கட்டண ரசீது, கடை ரசீது என எல்லாவற்றின் பின்னாலும் யாரோ ஒருவர் எழுதிய நிரல் இயங்குகிறது. அதில் எந்தக் குறியை எழுதுவது, அடைப்புக்குறியை எங்கே வைப்பது, மீதத்தை என்ன செய்வது என்பனவற்றை எல்லாம் முடிவு செய்தவர் ஒரு மனிதர்தாம். மனிதர் செய்த முடிவை மற்றொரு மனிதர் சரிபார்க்கவும் முடியும்.

குனோங் ராபாட்டின் பிஸ்கட்டுக் கடையில் வேலை செய்பவர், 41 பொட்டலங்களைக் கட்டிவிட்டு மீதமுள்ள 8 பிஸ்கட்டுகளைச் சாடியில் போட்டபோது, // குறியையும் % குறியையும் அறியாமலேயே பயன்படுத்தினார். அவர் கைகளுக்குத் தெரிந்த அந்தக் கணக்கைக் கணினிக்கும் புரியும்படி எழுதுவதுதான் நிரலாக்கம். ஏழு குறிகளையும் மனப்பாடம் செய்ய ஒரு நாள் போதும். எந்த இடத்தில் எந்தக் குறி பொருந்தும் என்று சிந்திப்பதே மாணவர்கள் பழக வேண்டிய உண்மையான பாடம்.